காரணம்

அறிவிப்புப் பலகையில் அதைக் குத்தியது நான்தான்.
கடை என் பொறுப்பு, குண்டூசிகளும்.
"ஞாயிறு இரண்டு மணி. என் வீட்டில் காஃபேமிக்.
காரணம்:"
அதுவரை எழுதிவிட்டு உய்லோக்
பேனா மூடியைக் கொஞ்ச நேரம் கடித்தாள்.
பிறகு ஒரே மூச்சில்,
"மனநல மருத்துவமனையிலிருந்து திரும்பி வந்துவிட்டேன்."
ஒரு பாக்கெட் மாவுக்கும் எட்டு முட்டைக்கும்
பணம் கொடுத்துவிட்டுப் போனாள்.

கிரீன்லாந்தில் எங்கள் கரையில்
எதற்கும் காப்பி உண்டு.
குழந்தை பிறந்தால்,
பையன் முதல் கடல்நாயை இழுத்து வந்தால்,
செத்தவருக்குப் பிறந்தநாள் வந்தால்கூட.
கதவு திறந்திருக்கும்.
பூட்ஸைக் கழற்று, கேக் சாப்பிடு,
அடுத்தவருக்கு இடம் விட்டு எழுந்திரு.
நூற்று நாற்பது பேர் உள்ள ஊரில்
கதவைத் தட்டுகிறவன் வெளியூர்க்காரன்.

போன வருடம் காலேராக்கின் கால் முறிந்தது.
ஹெலிகாப்டர் புள்ளியாகும்வரை
பனியில் நின்று கையசைத்தோம்.
உய்லோக்கை ஏற்றிய காலையில்
எல்லோருக்கும் நாய்க்குத் தீனி வைக்கும் வேலை வந்துவிட்டது.
"நூக்கில் அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறாள்" என்றோம்.
அவளுக்கு அக்கா கிடையாது.
அதுவும் எல்லோருக்கும் தெரியும்.

அந்த வாரம் முழுக்க
பலகையின் முன்னால் கூட்டம்.
பக்கத்துச் சீட்டில் ஒரு பழைய பனிவண்டி விற்பனைக்கு.
அத்தனை பேரும் அதைத்தான்
அத்தனை கவனமாகப் படித்தார்கள்.

ஞாயிறு. இரண்டரை.
பாறைமேல் அவளுடைய மஞ்சள் வீடு,
குளிருக்குத் திறந்துவைத்த கதவு.
வாசலில் ஒரு ஜோடி பூட்ஸ்கூட இல்லை.
ஜன்னலுக்குப் பின்னால் நான்
பூட்ஸ் போட்டு நாடாவும் கட்டி
கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.
ஒவ்வொரு ஜன்னலுக்குப் பின்னாலும்
ஒருவர் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.
முதல் ஆள் போகட்டும்.

போனது காலேராக்,
முறிந்த காலை இழுத்துக்கொண்டு.
அதன் பிறகுதான் என் கால் எழுந்தது.

என்ன சொல்வது என்று அவருக்கும் தெரியவில்லை.
தொப்பியைக் கையில் கசக்கியபடி
"பிள்ளுவாரிட்" என்றார்:
வாழ்த்துகள், கல்யாணத்துக்குச் சொல்வதுபோல.
உய்லோக்குக்குச் சிரிப்பு வந்தது.
சிரிப்பு அடங்காமல் வேறொன்றாக மாறப் போய்,
கேக் கத்தியைத் தேடி அடுப்பங்கரைக்குள் ஓடினாள்.
கத்தி மேஜைமேல்தான் இருந்தது.

காலேராக் மூன்று துண்டு தின்றார்.
காப்பி குடித்தார். எழுந்திருக்கவில்லை.
பின்னால் ஆட்கள் வந்து நிற்கிறார்கள்,
சுவரோரம், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு.
அவர் நகரவில்லை.
வாழ்நாளெல்லாம் பனிக்கட்டியில் துளை போட்டு
மீனுக்குக் காத்திருந்த மனிதர்
கோப்பையின் அடியைப் பார்த்தபடி கேட்டார்,
"அங்கே... தூங்க வைக்கிறார்களா?"

அறையில் யாரும் மெல்லவில்லை.
"முதல் வாரம் மாத்திரையில்" என்றாள்.
"அப்புறம் மெல்லத் தானாக.
உங்களுக்கு எத்தனை நாளாய்?"
"இலையுதிர்காலத்திலிருந்து."
தாழ்ந்த குரலில், "எந்த வருடத்து என்று கேட்காதே."

அவள் இன்னொரு துண்டு வெட்டிவைத்தாள்.
அவ்வளவுதான். யாரும் யாரையும் கட்டிப்பிடிக்கவில்லை.
குழந்தை மேஜைத் துணியை இழுத்து ஒரு கோப்பை உடைந்தது.
திரும்பும்போது வாசலில்
என் பூட்ஸைத் தேடவே நேரமானது.
இடதுகால் வேறு யாருடையதோ.

திங்கள், கடை திறக்குமுன்
அவள் சீட்டை எடுத்தேன்.
அந்த இடத்துக்கு ஒரு வெள்ளைத்தாள்:
"மார்ச் ஒன்பது. என் வீட்டில் காப்பி.
தம்பி இனுங்குவாக்குக்கு முப்பது."
ஆறு வருடமாய் இதே தேதியில்
கதவைச் சாத்தியே வைத்திருந்தேன்.
படகு கவிழ்ந்தது என்று ஊருக்குச் சொன்னோம்.
படகு அன்று கரையில்தான் இருந்தது,
நான்தான் கட்டியிருந்தேன், கயிறு நனையவில்லை.

எப்படிப் போனான் என்பதற்கு
ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன்.
படகு என்று எழுதவில்லை.
வேறெதுவும் இன்னும் எழுதவில்லை.
வெளியே யாரோ
பூட்ஸிலிருந்து பனியைத் தட்டுகிறார்கள்.
குண்டூசி என் உதட்டில்.